பாரசீகத் தங்கக் காசில் ஆண்ட அரசியின் முகம் உண்டா?

செப்டம்பர் 3, காலை 9.10. கேள்வி

பழைய நகைகளோடு ஒரு காசு கைக்கு வந்திருக்கிறது. தங்க நிறம். விட்டம் 31 மி.மீ., எடை 4.12 கிராம். தலைப் பக்கத்தில் வலப்புறம் பார்க்கும் ஒரு பெண். இருபுறமும் பின்னல் தொங்குகிறது, கிரீடத்தின் மேல் சிறகும் பிறையும். பின்பக்கம் நடுவில் தீ எரியும் மேடை, இரு பக்கமும் இரண்டு ஆட்கள். கூடவே வந்த சீட்டில் "2500 ஆண்டு பழமையான பாரசீக அரசியின் தங்கக் காசு" என்று எழுதியிருக்கிறது. பாரசீகத்தை ஒரு பெண் ஆண்டாளா? அவளுக்குத் தங்கக் காசு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் சார்.

செப்டம்பர் 3, பகல் 12.40. பதில்

இரண்டு கேள்விக்கும் ஆம். உங்கள் கையில் இருப்பது அந்தத் தங்கக் காசா என்றால், நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்துப் பார்க்கும்போது இல்லை.

முதலில் அந்த 2500 ஆண்டை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்துப் பாரசீகத் தங்கக் காசு டாரிக். முதலாம் டாரியஸ் காலத்தில், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. ஏறத்தாழ 8.4 கிராம் எடை, தடித்த சிறு துண்டு. முகப்பில் வில்லும் ஈட்டியும் ஏந்தி ஒரு முழங்கால் மடித்து ஓடும் அரசன். பின்பக்கம் படமே கிடையாது, அச்சு அடிக்கும்போது விழுந்த நீள்சதுரப் பள்ளம் மட்டும். எழுத்து, பெயர் எதுவும் இருக்காது. வில்லேந்திய அந்த உருவம் எந்த அரசன் என்றே காசு சொல்லாதபோது அரசியைத் தேட அங்கே இடமில்லை.

சிறகுக் கிரீடமும் தீ மேடையும் சாசானிய அடையாளம். சாசானியர் பாரசீகத்தை ஆண்ட அரச குலம், கி.பி. 224இல் வந்தவர்கள், 651இல் முடிந்தார்கள். பின்னலும் சேர்ந்தால் நான் நினைக்கும் பெயர் ஒன்றுதான்: போரான். சாசானிய அரசர் இரண்டாம் குஸ்ரோவின் மகள். 630, 631 வாக்கில் ஆண்டவள்.

செப்டம்பர் 3, பகல் 12.55

பெயரைப் பற்றி ஒன்று. பிற்காலப் பாரசீகத்தில் இவளைப் பூரான், பூரான்துக்த் என்பார்கள். காசில் உள்ள பஹ்லவியில், அதாவது அக்காலப் பாரசீக எழுத்தில், முதல் எழுத்து, அவர்கள் மொழியில் "பாபா" என்னும்போது வரும் மெல்லிய ப. ஆகவே "போரான்" தான் காசுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தமிழில் "பூரான்" என்று எழுதினால் ஓலைக்கூரையிலிருந்து விழுவதுதான் நினைவுக்கு வரும், அதற்காகவும் நான் போரான் என்றே எழுதுகிறேன்.

செப்டம்பர் 3, மாலை 6.20

அளவுக் கணக்கு. ஏன் தங்கம் இல்லை என்கிறேன் என்பதற்கு இதுதான் காரணம்.

சாசானிய வெள்ளிக் காசு, திராக்ம், தட்டையாக அகன்று இருக்கும். குஸ்ரோ காலத்திலும் மகள் காலத்திலும் 30 மி.மீ.க்குச் சற்று மேலே, எடை 4.1 கிராம் சுமார். தங்கக் காசு, தீனார், வேறு வடிவம். சிறியது, தடித்தது. தொடக்க காலத்தில் 7 கிராமுக்கு மேலே இருந்தது, பிற்காலத்தில் 4.5 கிராம் அளவுக்கு, அதாவது ரோமரின் சொலிடஸ் காசுக்கு அருகில் வந்தது.

உங்கள் காசின் பரப்பு: ஆரம் 15.5 மி.மீ., பரப்பு சுமார் 7.55 சதுர செ.மீ. வெள்ளியின் அடர்த்தி 10.4 என்று வைத்தால் 4.12 கிராமுக்குக் கன அளவு 0.396 கன செ.மீ. பரப்பால் வகுத்தால் தடிமன் அரை மி.மீ.க்குச் சற்று மேலே. திராக்மின் தடிமன் சரியாக இதுதான். இதே அகலமும் இதே தடிமனும் உள்ள தங்கக் காசு 7.3 கிராமுக்கு மேல் நிறுக்கும். அதே அகலத்தில் 4.12 கிராம் தங்கம் என்றால் தகடு 0.3 மி.மீ. அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட தகட்டில் இவ்வளவு மேடான முகம் பதிய முடியாது, மறுபக்கம் கிழிந்துவிடும்.

ஆகையால் என் ஊகம்: போரானின் உண்மையான வெள்ளித் திராக்ம் ஒன்றுக்கு யாரோ பின்னாளில் முலாம் பூசி நகையாக்கியிருக்கிறார்கள். அல்லது இக்காலத்து நகல். இரண்டில் எது என்று படம் வந்தால் சொல்லலாம். விளிம்பையும் படம் எடுங்கள். ஒளி மேலிருந்து நேராக விழக் கூடாது, பக்கவாட்டில் தாழ்வாக விழ வேண்டும். அப்போதுதான் எழுத்தின் மேடு பள்ளம் தெரியும். துடைக்க வேண்டாம்.

செப்டம்பர் 4, காலை 7.30. இன்னொருவர்

போரான்தான் முதல் பெண் என்கிறீர்களா? சாசானிய அரசன் இரண்டாம் பஹ்ராம் தங்கக் காசில் ராணி இருக்கிறாளே. அது முன்னூறு ஆண்டுக்கும் மேல் முந்தியது.

செப்டம்பர் 4, காலை 10.05

"முதல் பெண்" என்று நான் சொல்லவில்லை, ஆனால் படிப்பவருக்கு அப்படித்தான் பட்டிருக்கும். பிரித்தே எழுதியிருக்க வேண்டும். காசில் பெண் முகம் இருப்பது வேறு, ஆளும் அரசி தன் பெயரில் காசு அடிப்பது வேறு.

இரண்டாம் பஹ்ராம் (274–293) காசுகளில் அரசன், அவனை ஒட்டியபடி அரசி, எதிரே இளவரசன் என்று மூவர் நிற்கும் வகை உண்டு, தங்கத்திலும் உண்டு. அரசியின் தொப்பி காட்டுப்பன்றித் தலை, பறவைத் தலை என்று விலங்குருவில் முடியும். ஷாபூர்துக்தக் என்று அடையாளம் சொல்கிறார்கள். ஆனால் சுற்றி ஓடும் எழுத்து முழுக்க பஹ்ராமின் பெயரும் பட்டமும்தான். காசு அவனுடையது, அவள் உடன் நிற்பவள்.

அதற்கு முன், சாசானியருக்கு முந்தி ஆண்ட பார்த்தியர் காலத்தில் மூசா. ஐந்தாம் பிராதெஸ், பிராதகேஸ் என்றும் சொல்வார்கள், அவனுடைய தாய். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பார்த்திய அரசனுக்கு அனுப்பிய அடிமைப்பெண் என்று வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதுகிறார். கி.மு. 2 முதல் கி.பி. 4 வரை. இங்கே முகப்பில் மகன், பின்பக்கம் மூசாவின் முகம், கிரேக்க எழுத்தில் அவள் பெயரும் அரசி என்ற பட்டமும் இருக்கின்றன. பெயர் உண்டு, பட்டம் உண்டு. ஆனால் இணை ஆட்சி, அதோடு தங்கம் அல்ல. பார்த்தியர் புழக்கத்துக்குத் தங்கம் அடித்தவர்கள் அல்லர்.

இன்னும் முன்னே போனால் எலிமாயிஸ் சிற்றரசில் காம்னஸ்கிரெஸும் அரசி அன்சாசேயும் ஒட்டி நிற்கும் வெள்ளிக் காசு, கி.மு. 1ஆம் நூற்றாண்டு. அதுவும் கணவனோடுதான்.

தன் முகம், தன் பெயர், தன் ஆட்சியாண்டு, துணைக்கு ஆண் இல்லை. இந்த நான்கும் ஒரே காசில் சேர்வது போரானிடம்தான்.

செப்டம்பர் 4, இரவு 9.15

ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன், ஏனென்றால் இணையத்தில் விற்பவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

இரண்டாம் குஸ்ரோவின் சிறப்புத் தங்கக் காசுகளில் பின்பக்கம் தீ மேடைக்குப் பதிலாக நம்மை நேராகப் பார்க்கும் ஒரு முகம் உண்டு. தலையைச் சுற்றிச் சுடர் எழும். தாடி இல்லை. அது அனாஹிதா தேவி என்பது ஒரு கருத்து, அரச ஒளியின் உருவம் என்பது மறு கருத்து. யாராக இருந்தாலும் மனிதப் பெண் அல்ல. அந்தப் படத்தைப் போட்டு "ராணி போரான் தங்கக் காசு" என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். மறுபக்கத்தைப் பாருங்கள், அங்கே தாடி மீசையோடு குஸ்ரோ இருப்பான்.

செப்டம்பர் 5, காலை 8.00. கேட்டவர்

படம் போட்டிருக்கிறேன். முகத்துக்கு முன்னால் நாலைந்து எழுத்து, பின்னால் இரண்டு அடுக்காக எழுத்து. எப்படிப் படிப்பது?

செப்டம்பர் 5, பகல் 1.30

நல்ல படம். எழுத்து ஒளியில் தெளிவாக நிற்கிறது.

பஹ்லவி வலமிருந்து இடம் போகும். முகத்தின் முன்னால், அதாவது நமக்கு வலப்பக்கம், பெயர். எழுத்துக்கு எழுத்து சொன்னால் ப–வ–ல–ஆ–ன. "போலான்" என்று படிக்கக் கூடாது. பஹ்லவியில் ரகரத்தையும் லகர வடிவத்திலேயே எழுதுவார்கள். வகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரே கோடு. நம் ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல், ரகரமும் காலும் ஒன்றுபோல் இருப்பதை இடம் பார்த்துப் படிப்போமே, அந்தப் பழக்கம் இங்கே வேண்டும். வகரம் ஓ ஆகிறது, ல ர ஆகிறது: போரான்.

தலைக்குப் பின்னால் இரண்டு சொல். ஒன்று க–த–ஹ என்று எழுதியிருக்கும், ஆனால் அப்படி ஒலிக்க மாட்டார்கள். அரமேய மொழிச் சொல்லை எழுதிவிட்டுப் பாரசீகத்தில் "க்வர்ரஹ்" என்று படிப்பது வழக்கம். அரசருக்குத் தெய்வம் தரும் ஒளி என்று பொருள். மற்றது "அப்சூத்", பெருகியது. இரண்டும் சேர்ந்து அரச ஒளி பெருகிற்று, அல்லது பெருகுக.

அரசி என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவள் தந்தையின் திராக்மிலும் பெயர் மட்டும்தான். அந்தக் காலத்தில் பட்டம் எழுதும் வழக்கம் இந்தக் காசுகளிலிருந்து போய்விட்டது.

கிரீடத்தையும் பாருங்கள். சிறகும் நடுவே பிறையும் தந்தை அணிந்த மாதிரி. ஆனால் குஸ்ரோவின் கிரீடத்தில் அடியில் கோட்டை மதில் போலப் படிப்படியான கொத்தளம் இருக்கும். இவளுடையது மணிகள் பதித்த உருண்டைத் தொப்பி. காதணி, கழுத்தணி, தோளில் விழும் பின்னல். காசின் விளிம்பில், வட்டக் கோட்டுக்கு வெளியே, கடிகாரத்தில் 3, 6, 9 மணி இருக்கும் இடங்களில் பிறையும் விண்மீனும். பின்பக்கத்தில் 12லும் சேர்த்து நான்கு. உங்கள் படத்தில் 6 மணிப் பிறை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. அச்சு அடிக்கும் உலோக வில்லை கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது, அது குறை அல்ல.

செப்டம்பர் 5, பகல் 1.50

பின்பக்கம்: மேடையின் வலப்பக்கம் அக்கசாலை, அதாவது காசு அடித்த இடம், இடப்பக்கம் ஆட்சியாண்டு. வலப்பக்கம் ச–க. சகஸ்தான், இன்றைய சீஸ்தான். போரானின் காசில் அடிக்கடி கண்ணில் படும் அக்கசாலை.

ஆண்டை இன்னும் படிக்க முடியவில்லை. இடப்பக்கத்து ஆளின் தோளருகே மங்கிவிட்டது. வேறு கோணத்தில் ஒரு படம் வேண்டும்.

செப்டம்பர் 6, காலை 6.45. இன்னொருவர்

அவள் காசில் 1, 2, 3 என்று மூன்று ஆண்டும் வருகிறது. 630, 631இல்தான் ஆண்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று ஆண்டு ஆண்டாளா, ஒன்றரை ஆண்டா?

செப்டம்பர் 6, காலை 11.20

இதை விரிவாக எழுத வேண்டும்.

சாசானிய ஆட்சியாண்டு அரியணை ஏறிய நாளிலிருந்து நகராது. புத்தாண்டிலிருந்து புத்தாண்டுக்கு எண்ணுவார்கள். ஏறிய ஆண்டே முதலாம் ஆண்டு, அது பத்து நாளில் முடிந்தாலும் சரி. அடுத்த புத்தாண்டில் இரண்டாம் ஆண்டு தொடங்கிவிடும். ஆக, "ஆண்டு 3" என்று காசில் இருந்தால் மூன்று முழு ஆண்டு ஆண்டதாகப் பொருள் இல்லை. ஒரு ஆண்டும் சில வாரங்களும் போதும்.

630இல் அவர்கள் புத்தாண்டு ஜூன் 17. நாள்காட்டி நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் பின்னோக்கி நகர்வதால் 632இல் ஜூன் 16. அந்த 632 புத்தாண்டிலிருந்துதான் கடைசி அரசன் மூன்றாம் யஸ்தகெர்தின் ஆண்டு எண்ணப்படுகிறது. எனவே போரானின் மூன்றாம் ஆண்டு, தாமதமாக வைத்தாலும், 631 ஜூனில் தொடங்கியிருக்க வேண்டும். அப்படியானால் இரண்டாம் ஆண்டு 630 ஜூனிலும் முதலாம் ஆண்டு 629 ஜூனிலும் தொடங்க வேண்டும். அவளுக்கு முன் அரியணையைப் பிடித்த தளபதி ஷஹ்ர்பராஸ் கொல்லப்பட்டது 630 ஜூன் 9. அதற்கும் புத்தாண்டுக்கும் இடையே எட்டே நாள்.

இப்போது பழைய வரலாற்றாசிரியர் தபரி சொல்வதைப் பொருத்திப் பாருங்கள். அவள் ஆட்சி ஓராண்டு நான்கு மாதம் என்கிறார். 630 ஜூனில் தொடங்கினால் 631 இலையுதிர் காலத்தில் முடியும். முதலாம் ஆண்டின் வால், இரண்டாம் ஆண்டு முழுதும், மூன்றாம் ஆண்டின் தொடக்கம். மூன்று எண்ணும் வந்துவிடுகின்றன. பாரசீகக் காவியமான ஷாநாமா கொடுக்கும் ஆறு மாதத்தில் இது அடங்காது.

செப்டம்பர் 6, மாலை 4.10

காலையில் எழுதியதில் ஒரு இடுக்கு இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். எட்டு நாளில் முதலாம் ஆண்டுக் காசு எத்தனை அடித்திருக்க முடியும்? தலைநகரிலிருந்து சீஸ்தானுக்குச் செய்தி போய்ச் சேரவே அதைவிட அதிக நாள் ஆகும். முதலாம் ஆண்டுக் காசும் பல அக்கசாலையிலிருந்து கிடைக்கிறது. ஷஹ்ர்பராஸ் விழுவதற்கு முன்பே, 629–630இல், சில மாகாணங்கள் அவளை அரசியாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்குத்தான் காசு நம்மை இட்டுச் செல்கிறது. தபரியின் ஓராண்டு நான்கு மாதம் தலைநகரில் அமர்ந்த காலத்துக்குப் பொருந்தும், காசு நாடு முழுதுக்கும் பொருந்தும். இப்படிப் பிரித்தால் இரண்டையும் தள்ள வேண்டியதில்லை. காலையில் எழுதிய கணக்கை விட இதைத்தான் இப்போது நம்புகிறேன்.

செப்டம்பர் 7, காலை 9.40. கேட்டவர்

உண்மையான தங்கக் காசில் என்ன எழுதியிருக்கும்? இதே பெயர்தானா?

செப்டம்பர் 7, பகல் 2.00

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தங்கத்தில் வெறும் பெயரோடு நிற்கவில்லை. "போரான் ஈ யஸ்தான் தோஹ்ம் வினார்தார்." யஸ்தான் தெய்வங்கள், தோஹ்ம் வித்து, குலம். வினார்தார் ஒழுங்குபடுத்துபவர், மீண்டும் நிலைநிறுத்துபவர். தெய்வங்களின் குலத்தை மீண்டும் நிலைநிறுத்திய போரான். அவர்கள் மொழியில் ஆண்பால் பெண்பால் விகுதி இல்லை, அதனால் வினார்தார் இருவருக்கும் பொது. தமிழில் எழுதும்போது நிறுத்தியவள் என்று நாம்தான் சேர்க்கிறோம்.

முதலாம் அர்தஷீர் 3ஆம் நூற்றாண்டில் தன் காசில் "தெய்வங்களின் வழித்தோன்றல்" என்று எழுதிக்கொண்டான். பின்வந்தவர்களும் எழுதினார்கள், பிறகு அந்த வாசகம் காசிலிருந்து மறைந்துபோயிற்று. போரான் அதன் எதிரொலியைத் திரும்பக் கொண்டுவருகிறாள்.

ஏன் என்பதற்கு அவளுக்கு முந்திய இரண்டரை ஆண்டைப் பார்த்தால் போதும். 628 பிப்ரவரியில் தந்தை குஸ்ரோ மகன் ஷீரோயேயின் ஆணையால் கொல்லப்படுகிறார். அவன் இரண்டாம் கவாத் என்று அரியணை ஏறித் தன் உடன்பிறந்த ஆண்கள் அத்தனை பேரையும் வெட்டுகிறான். அதே ஆண்டு கொள்ளை நோயில் அவனும் சாகிறான். அவன் மகன் மூன்றாம் அர்தஷீர் சிறுவன், அவனை ஷஹ்ர்பராஸ் கொல்கிறான். ஷஹ்ர்பராஸ் சாசானியக் குலத்தவனே அல்ல. நானூறு ஆண்டு ஆண்ட குடும்பத்தில் அரியணைக்கு ஆண் வாரிசு அற்றுப்போன நேரத்தில் மகள் வருகிறாள். "குலத்தை நிலைநிறுத்தியவள்" என்ற சொல் அந்த நேரத்தில் நேரடியான அரசியல் அறிவிப்பு. முகம், கிரீடம், வாசகம் மூன்றும் "நான் குஸ்ரோவின் மகள்" என்கின்றன.

செப்டம்பர் 7, பகல் 2.25

தபரி இவள் ஆட்சியைப் பற்றிச் சொல்வதில் ஒரு வரி நமக்கு முக்கியம். வெள்ளிக் காசு அடிக்க ஆணையிட்டாள், பாலங்களைச் சரிசெய்யச் சொன்னாள், நிலவரிப் பாக்கியைத் தள்ளுபடி செய்தாள். வெள்ளி என்றே வருகிறது. வரியும் படைச் சம்பளமும் ஓடியது வெள்ளியில். தங்கம் அரச விழாவுக்கும் பரிசுக்கும் உரியது, அதனால்தான் கையெண்ணிக்கையில் அடித்தார்கள். இன்று வெள்ளி ஏலத்துக்கு ஏலம் கிடைப்பதும் தங்கம் பெரும் அரிதாக இருப்பதும் அதன் விளைவு.

செப்டம்பர் 8, காலை 7.15. இன்னொருவர்

பாரசீக அரசன் தங்கக் காசே அடிக்கக் கூடாது, அது ரோமருக்குத்தான் உரிமை என்று எங்கோ படித்த நினைவு.

செப்டம்பர் 8, காலை 10.30

புரோகோபியஸ். 6ஆம் நூற்றாண்டு ரோம வரலாற்றாசிரியர். பாரசீக அரசர் வெள்ளியை விருப்பப்படி அடிக்கலாம், தங்கத்தில் தன் முகத்தைப் பதிப்பது முறையல்ல என்று எழுதுகிறார். அவர் காலத்தில் ஆண்ட முதலாம் குஸ்ரோவின் தங்கக் காசே இன்று நம்மிடம் இருக்கிறது. ஆக அந்தக் கூற்று நிற்காது. ஆனால் அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு: சந்தையில் அவர் பாரசீகத் தங்கத்தைக் கண்டிருக்க மாட்டார்.

இதற்கு இலங்கையிலிருந்து ஒரு சாட்சி. அதே நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற வணிகத் துறவி எழுதிய செய்தி. சோபாத்ரோஸ் என்ற ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் தீவின் அரசன் முன் நிற்கிறார்கள். எவர் அரசர் பெரியவர் என்று பேச்சு. சோபாத்ரோஸ் காசை ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறார். அவர் பக்கம் தங்கம், பாரசீகர் பக்கம் வெள்ளி. தீவரசன் ரோமருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்கிறான். சொல்பவர் ரோமப் பக்கத்தவர், ஆகவே தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரசீக வணிகர் கடல் கடந்து எடுத்துச் சென்றது வெள்ளித் திராக்ம் என்ற சிறு தகவல் மட்டும் நம் கணக்கோடு ஒத்துப்போகிறது.

செப்டம்பர் 8, இரவு 8.50. கேட்டவர்

தெருமுனை நகைக்கடையில் கருவி வைத்துப் பார்த்துத் தங்கம் என்றுதான் சொன்னார்கள். கணக்குப் போட்டது தவறாக இருக்குமோ?

செப்டம்பர் 8, இரவு 10.05

கருவி பொய் சொல்லவில்லை. எக்ஸ்ரே கருவி மேல்தோலை மட்டும் படிக்கும். முலாம் சற்றுத் தடிப்பாக இருந்தாலே தங்கம் என்று காட்டும். அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள், பாதரசம் என்று சிறிதளவு போட்டிருந்தால் அது பழைய முறைத் தீ முலாம்: தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசிச் சூடேற்றிப் பாதரசத்தை ஓட்டுவது. மிச்சம் கொஞ்சம் தங்கிவிடும். உரைகல்லில் உரசவே விடாதீர்கள். மாற்று தெரியும், காசு போய்விடும். அப்போதும் உரசப்படுவது மேல்தோல்தான்.

முழுக் காசையும் ஒரே கேள்வியில் கேட்கும் வழி நீரில் நிறுப்பது.

0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். 0.01 தராசு போதாது: நாலரை கிராம் தங்கம் வெளியேற்றும் நீர் 0.24 கிராம் அளவுதான், அதில் 0.01 பிசகினால் அடர்த்தி 18க்கும் 19.5க்கும் நடுவே ஆடும். காசை முதலில் உலர்வாக நிறுத்துக் குறியுங்கள். பிறகு சிறு கோப்பையில் கொதித்து ஆறிய நீர், அறை வெப்பநிலையில். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விடுங்கள், நீர் காசோடு ஒட்டிப் பரவும். கோப்பையைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். மெல்லிய நைலான் இழையில் காசைக் கட்டி, தராசைத் தொடாத ஒரு தாங்கியிலிருந்து தொங்கவிட்டு, முழுதும் மூழ்கும்படி இறக்குங்கள். அடியையோ சுவரையோ தொடக் கூடாது. தொட்டால் காசின் எடையும் சேர்ந்து எண் தாவிவிடும். இப்போது தராசு காட்டுவதே வெளியேறிய நீரின் எடை.

உலர் எடையை அந்த எண்ணால் வகுத்து 0.998ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்டச் சுத்தத் தங்கமானால் 18.5க்கு மேலே வரும், வெள்ளியானால் 10.3, 10.4.

பிசகு பெரும்பாலும் குமிழியால் வரும். பின்னல் வரிகளிலும் எழுத்து மூலைகளிலும் ஒட்டிக்கொள்ளும். 2 மி.மீ. குமிழி ஒன்று 0.004 கிராம் கூட்டிக் காட்டும், நல்ல தங்கம் மட்டமாகத் தெரியும். நனைந்த தூரிகையால் நீருக்குள்ளேயே தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். மூன்று தடவை செய்து மூன்றும் ஒத்துவந்தால் எழுதுங்கள்.

செப்டம்பர் 10, காலை 11.00. கேட்டவர்

உலர்வில் 4.118. நீரில் 0.396, 0.397, 0.396. கூடவே வேறு கோணத்தில் பின்பக்கப் படம்.

செப்டம்பர் 10, பகல் 12.15

10.38. வெள்ளி. தங்கமாயிருந்தால் 0.222 சுமார் காட்டியிருக்க வேண்டும். சிறிது செம்பு கலந்த நல்ல வெள்ளியின் எண் இது. முலாம் முடிவாயிற்று.

இனி உண்மையான திராக்மா, நகலா. விளிம்புப் படத்தில் வார்ப்பு அச்சின் இணைப்புக் கோடு இல்லை. பரப்பில் ஊசித்துளைக் குழிகள் இல்லை. மிகவும் பிடித்தது இது: தீ மேடையின் தண்டு நடுவில் தட்டையாக இருக்கிறது, நேர் மறுபக்கத்தில் முகம் அதிக மேடாக இருக்கும் இடம். மெல்லிய வில்லையில் உலோகம் ஒரு பக்கத்துப் பள்ளத்தை நிரப்பப் போனால் மறுபக்கத்துக்குப் போதாமல் போகும். கையால் அச்சு அடித்த காசில் இது இயல்பு. எல்லா இடமும் ஒரே கூர்மையோடு நிரம்பியிருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

இன்னொன்றும் பாருங்கள். முகம் நிமிர்ந்திருக்கும்படி பிடித்துப் புத்தகத் தாள் போலத் திருப்புங்கள். மேடை பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். பிற்காலச் சாசானியத் திராக்ம்களில் இரு அச்சுக்கும் பெரும்பாலும் கால் சுற்று வித்தியாசம் இருக்கும். நகல் செய்பவர்கள் இக்காலக் காசு போல இரண்டையும் நிமிர்த்தி வைத்துவிடுவது உண்டு.

செப்டம்பர் 10, பகல் 1.00. கேட்டவர்

திருப்பினேன். படுத்துத்தான் இருக்கிறது!

செப்டம்பர் 10, மாலை 5.30. இன்னொருவர்

அவள் தங்கை அசர்மிதுக்தும் ஆண்டாளே. இது அவளாக இருக்க முடியாதா? பெண் முகம்தானே.

செப்டம்பர் 10, மாலை 6.40

முடியாது, காரணம் வியப்பானது. அசர்மிதுக்த் சில மாதமே ஆண்டாள். அவள் பெயர் உள்ள திராக்ம் மிக அரிது, அதில் முகம் தாடி வைத்த ஆண் முகம், தந்தை குஸ்ரோவின் சாயல். பெயர் அவளுடையது, முகம் அவனுடையது. அவசரத்தில் பழைய மாதிரியையே வைத்து அச்சு வெட்டியிருக்கலாம், தந்தையின் முகமே உரிமைக்குச் சான்று என்றும் கருதியிருக்கலாம். அதனால்தான் முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறேன்: பெண் முகம் இருந்து ஆளும் அரசி இல்லாத காசு உண்டு, ஆளும் அரசி இருந்து பெண் முகம் இல்லாத காசும் உண்டு. எழுத்தைப் படியுங்கள்.

பின்னாளில் இஸ்லாமிய ஈரானிலும் பெண்கள் ஆண்டார்கள். ஷிராஸில் ஆபிஷ் காதூன், மங்கோலிய வழிவந்த இல்கானிய அரியணையில் சதி பேக். அவர்கள் காசில் பெயர் மட்டும், அரபு எழுத்தில். உருவம் கிடையாது. ஆகவே போரானுக்குப் பின்னும் அந்த நான்கும் சேரவில்லை.

செப்டம்பர் 11, காலை 8.20

புதிய படத்தில் ஆண்டு பிடிபட்டது. இவர்கள் 2, 3 போன்ற எண்களுக்கும் அரமேயச் சொல்லையே எழுதுவார்கள். இரண்டு என்றால் த–ல–ய–ன, மூன்று என்றால் த–ல–த–ஆ. முதல் இரண்டு எழுத்தும் ஒன்று, குழப்பம் மூன்றாம் எழுத்தில். உங்கள் காசில் மூன்றாவது எழுத்து கீழே இறங்கி மறுபடி மேலே வளைகிறது. அது த. ஆக ஆண்டு மூன்று. 631 ஜூனுக்குப் பின், சீஸ்தானில், அவள் ஆட்சியின் கடைசி மாதங்களில் அடித்தது.

முலாமைச் சுரண்ட வேண்டாம். பாதரச முலாமை எடுக்கப் போனால் அடியில் உள்ள வெள்ளித் தோலும் கூட வரும், எழுத்து மழுங்கும். சீட்டில் உள்ள வரியை மட்டும் அடித்துவிட்டு இப்படி எழுதி வையுங்கள்: போரான், வெள்ளித் திராக்ம், சகஸ்தான், ஆண்டு 3, பின்னாளில் முலாம், 4.118 கிராம், 31 மி.மீ.